குழந்தையின் வட்டலில் எத்தனை வகை இருக்கிறது?

காலையில் இட்லி, மதியம் நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறு, சாயங்காலம் பாலில் தொட்ட பிஸ்கட், ராத்திரி தயிர்ச் சோறு. ஈரோடு, பல்லடம், கோபி என்று எந்தப் பக்கம் போய், பத்து மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் கேட்டாலும் பெரும்பாலும் இதே பட்டியல்தான் வரும். "நல்லாத்தானுங்க திங்கறான், கிண்ணத்துல மிச்சமே வெக்கறதில்லீங்க" என்று அம்மிச்சி பெருமையாகச் சொல்வார். அது உண்மைதான், வயிறு நிறையத்தான் நிறைகிறது. ஆனால் அதே குழந்தைக்கு இரத்தம் பார்த்தால் பல நேரம் குறைவாக வருகிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. சோற்றுக்கு வழியில்லாத வீடுகளில் மட்டும் இருக்கும் குறை இல்லை இது. மூன்று வேளையும் நிறையச் சாப்பிடும் குழந்தைக்கும் வருகிறது. காரணம், நாம் அளவைப் பார்க்கிறோம், வகையைப் பார்ப்பதில்லை.

வகை என்றால் எத்தனை பதார்த்தம் செய்தோம் என்ற கணக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் குழந்தை உணவை எட்டு வகையாகப் பிரிக்கின்றன. முதல் வகை தாய்ப்பால். இரண்டாவது தானியமும் கிழங்கும்: அரிசி, ராகி, கம்பு, சோளம், மரவள்ளி எல்லாம் இதில் அடக்கம். மூன்றாவது பருப்பு, பயறு, கடலைக்காய் (நிலக்கடலை), எள்ளு. நான்காவது பால், தயிர், மோர். ஐந்தாவது கறி, கோழி, மீன், ஈரல். ஆறாவது முட்டை, தனியாகவே ஒரு வகை. ஏழாவது வைட்டமின் ஏ நிறைந்த காயும் பழமும்: அரசாணிக்காய் (பரங்கிக்காய்), கேரட், பப்பாளி, மாம்பழம், முருங்கைத்தழை, மற்ற கீரைகள். எட்டாவது மீதியுள்ள எல்லாக் காய்களும் பழங்களும். 6 மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளில் இந்த எட்டில் குறைந்தது ஐந்து வகையாவது உள்ளே போக வேண்டும் என்பதுதான் விதி.

இப்போது மேலே சொன்ன பட்டியலை எண்ணிப் பாருங்கள். இட்லி, சோறு, பிஸ்கட் மூன்றும் தானியம், ஒரே வகை. பருப்பும் உளுந்தும் சேர்ந்து ஒன்று. பால், தயிர் ஒன்று. தாய்ப்பால் ஒன்று. மொத்தம் நான்கு. நெய் இந்தக் கணக்கில் வராது, அது கொழுப்பு. தேவைதான், ஆனால் எட்டில் ஒன்றாகாது. நாள் முழுக்க ஊட்டியும் ஒன்று குறைகிறது. கைப்பிடி பப்பாளியோ ஒரு முட்டையோ சேர்ந்திருந்தால் ஐந்து ஆகியிருக்கும்.

வீட்டில் அரைக்கும் சத்துமாவுக்கும் இதே கணக்குதான். பதினெட்டு சாமான் போட்டு வறுத்து அரைத்தாலும் அதில் இருப்பது தானியம் ஒரு வகை, பருப்பும் கொட்டையும் இன்னொரு வகை. இரண்டுதான். சத்துமாவுக் கஞ்சியை நான் குறை சொல்லவில்லை, நல்ல உணவு. ஆனால் அது கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் கீரையும் முட்டையும் மறந்துபோகின்றன. அதுதான் கவலை. 6 மாதக் குழந்தைக்கு எடுத்ததுமே எல்லாம் கலந்த மாவைக் கொடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாமல் தடித்தால் பதினெட்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏன் 6 மாதம்?

நிறைமாதக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அம்மாவிடமிருந்து இரும்புச்சத்தை வாங்கி ஈரலில் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய 6 மாதத்துக்கு ஓடும். தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு நன்றாக உடம்பில் சேரும், ஆனால் அளவு மிகக் குறைவு. சேமிப்பு தீரும் நேரத்தில் குழந்தையோ வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் அப்பாவுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு இரும்பு அந்தச் சின்ன உடம்புக்கு வேண்டும். அதனால்தான் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், 180 நாள் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

பலர் குலதெய்வக் கோயிலில் முதல் சோறு ஊட்டுவதற்காக நாள் பார்ப்பார்கள். நல்ல நாள் ஏழாம் மாதத்துக்குள் அமைந்தால் சந்தோஷம். ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளிப்போனால் அதுவரை காத்திருக்கக் கூடாது, வீட்டில் ஆரம்பித்துவிட வேண்டும். கழுத்து நிற்க வேண்டும், பிடித்து உட்காரவைத்தால் உட்கார வேண்டும், நாம் சாப்பிடுவதைப் பார்த்துக் கை நீட்ட வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளுவது குறைந்திருக்க வேண்டும். இவையே தயார் என்பதற்கான அறிகுறிகள்.

முதலில் இரண்டு மூன்று கரண்டி போதும், சின்னக் கரண்டி. போகப் போகக் கூட்டி, 6–8 மாதத்தில் நாளுக்கு 2 அல்லது 3 வேளை, வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் பாதி வரை. 9 மாதத்துக்கு மேல் 3 அல்லது 4 வேளை, நடுவில் ஒன்றிரண்டு தடவை பழம் போல ஏதாவது. ஒரு வயதுக்கு மேல் வேளைக்கு முக்கால் கிண்ணத்திலிருந்து ஒரு கிண்ணம்.

பருப்புத் தண்ணியும் எலும்புச் சாறும்

குழந்தையின் இரைப்பை மிகச் சின்னது. கிலோவுக்கு 30 மில்லி என்று வைத்தால், 8 கிலோ குழந்தையின் வயிறு ஒரு தடவைக்கு 240 மில்லிதான் கொள்ளும். ஒரு டம்ளர் கணக்கு. அந்த ஒரு டம்ளர் இடத்தில் பருப்பு வெந்த தண்ணியையோ, சோறு வடித்த கஞ்சியையோ ஊற்றினால் வயிறு நிறைந்துவிடும், சத்து சேராது. பருப்பின் புரதமும் இரும்பும் பெரும்பாலும் பருப்பில்தான் இருக்கின்றன. அதை நாம் சாப்பிட்டுவிட்டு மேலே தெளிந்த தண்ணியைக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். கொதித்த சாற்றில் இருக்கும் இரும்பு சொற்பம், கறியில்தான் அது தங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் வீட்டில் சூப்பை ஊட்டிவிட்டுக் கறியை எடுத்துவைப்பது வழக்கம். அதை அப்படியே மாற்றுங்கள். பஞ்சாக வெந்த நாட்டுக்கோழிச் சதையையோ ஈரலையோ அம்மியில் நசுக்கிச் சோற்றோடு பிசைந்தால் இரண்டு கரண்டியே நிறைய வேலை செய்யும். கறியிலும் ஈரலிலும் இருக்கும் இரும்பு கீரை, பருப்பில் இருப்பதைவிட எளிதாக உடம்பில் சேரும். கூடச் சாப்பிடும் கீரையின் இரும்பையும் இழுத்துச் சேர்க்கும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அதனால் அதை மட்டும் வாரத்துக்கு ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கறி சாப்பிடாத வீடு என்றால் முருங்கைத்தழை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, ராகி எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு புளிப்புள்ள ஒன்று சேர வேண்டும்: நாலு சொட்டு எலுமிச்சை, தக்காளி, மசித்த கொய்யா. அதிலுள்ள வைட்டமின் சிதான் அந்த இரும்பை உடம்பில் சேர்க்கும். டீ இதற்கு நேர் எதிர். பேக்கரியில் உட்கார்ந்து பெரியவர்கள் டீ குடிக்கும்போது மடியில் இருக்கும் குழந்தைக்கு வர்க்கியைத் தொட்டு ஊட்டும் பழக்கம் கோவை முழுக்க உண்டு. டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. 2 வயது வரை டீ ஒரு சொட்டும் வேண்டாம்.

கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும் என்றால், "தொண்டையில அடைக்குமே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நம் வீடுகளில் பழைய வழி ஒன்று இருக்கிறது. ராகியை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, வெயிலில் காயவைத்து, முளையை உதிர்த்துவிட்டு அரைத்த மாவு. இதை வறுக்கக் கூடாது. கரண்டி நட்டு நிற்கிற அளவுக்குக் கெட்டியாக ஒரு கஞ்சி காய்ச்சுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்து விரல் பொறுக்கும் பதம் வந்ததும் இந்த முளைராகி மாவில் அரைத் தேக்கரண்டி போட்டுக் கலக்குங்கள். ஐந்து நிமிடத்தில் கஞ்சி நெகிழ்ந்து ஓடத் தொடங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றியிருக்க மாட்டீர்கள். முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் அமிலேஸ் என்ற நொதி மாவுப்பொருளை உடைப்பதால் இப்படி ஆகிறது. பிறகு ஒரு கொதி விட்டு ஆறவைத்து ஊட்டலாம். அந்த ஒரு டம்ளர் வயிற்றுக்குள் கூடுதல் மாவு, கூடுதல் சத்து, ஆனால் விழுங்க எளிது. முளைகட்டுவதால் ராகியில் இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட்டும் குறைகிறது. ராகியின் சுண்ணாம்புச்சத்தோ எல்லோருக்கும் தெரிந்தது, நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல்.

சேலம் பக்கம் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பார்கள். வயிற்றுக்குச் சுகமானது, ஆனால் அது ஏறக்குறைய முழுக்க முழுக்க மாவுப்பொருள்தான். எப்போதாவது என்றால் சரி, தினசரி உணவாக வேண்டாம்.

மிக்ஸியை மறந்து மத்தை எடுங்கள்

எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து வழவழவென்று ஊட்டுவது ஏழாம் மாதத்தோடு போக வேண்டும். மெல்லுவது பிறவியிலேயே வருவதில்லை, பழகித்தான் வரும். அதற்கு வாயில் கொஞ்சம் திப்பி, அதாவது மசியாத சிறு கட்டி, தட்டுப்பட வேண்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்துக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 9 மாதத்துக்கு மேல்தான் திப்பியுள்ள உணவைப் பார்த்த குழந்தைகள் 7 வயதிலும் காய், பழம் குறைவாகவே சாப்பிட்டார்கள், சாப்பாட்டுத் தகராறும் அவர்களிடம் அதிகம் என்று தெரிந்தது.

நம் சமையலில் இதற்கு ஏற்ற கருவி ஏற்கெனவே இருக்கிறது. கீரை கடைசல், பச்சைப்பயறு கடைசல், அரசாணிக்காய் கடைசல் என்று கொங்கு வீடுகளில் பாதிச் சமையல் மத்தால் நடப்பதுதான். மத்து போட்டுக் கடைந்தால் கூழாகாது, நசுங்கும். 7, 8 மாதத்துக்கு அந்தப் பதமே சரி. 8 மாதத்தில் விரலால் எடுத்துச் சாப்பிட நீளவாக்கில் வெட்டிய வெந்த கேரட், சக்கரவள்ளிக் கிழங்கு, பழுத்த பப்பாளி. நம் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் சோதனை. ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு. இடியாப்பம் போன்ற சந்தகையைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துத் துண்டாக்கி வைத்தால் குழந்தைகள் தாங்களே எடுத்துத் தின்பதைப் பார்க்கலாம்.

ஊட்டும்போது குமட்டினால் பயப்பட வேண்டாம். குமட்டல் என்பது திப்பியை முன்னுக்குத் தள்ளும் தற்காப்பு. முகம் சிவக்கும், சத்தம் வரும், இருமும். தொண்டை அடைப்பு வேறு: சத்தமே வராது, முகம் நீலம் பாயும். அப்போது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு. வரவில்லை என்றால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்து. வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். குழந்தை துவண்டு மயங்கினால் உடனே நெஞ்சழுத்தத்தோடு வாய்மூச்சும் கொடுக்கத் தொடங்க வேண்டும். பக்கத்திலிருப்பவர் 108க்குக் கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டக் கூடாது. முழுக் கடலைக்காய், பொட்டுக்கடலை, தேங்காய்ச் சில்லு, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு இவையெல்லாம் அடைக்கும் சாமான்கள். கொட்டைகளை முழுதாகக் கொடுப்பதற்கு 5 வயதாவது ஆக வேண்டும்.

ஒரே குக்கரில் இரண்டு சமையல்

குழந்தைக்கென்று தனியாகச் சமைக்க வேண்டும் என்பதுதான் பலரை அயர வைக்கிறது. திருப்பூரில் கம்பெனிக்குப் போகும் அம்மா காலை ஏழரைக்குள் எத்தனை அடுப்பு பார்ப்பார்? தனிச் சமையல் வேண்டாம். வீட்டுச் சமையலிலிருந்து உப்பும் மிளகாயும் சேரும் முன் குழந்தையின் பங்கை எடுத்துவிட்டால் போதும்.

அரிசியும் பருப்புச் சாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாளித்து, உப்புப் போட்டு, எல்லாம் ஒன்றாக வேகிற பதார்த்தம், நடுவில் பிரிக்க முடியாது. அதனால் குக்கருக்குள்ளேயே ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் வையுங்கள். அதில் இரண்டு கரண்டி அரிசி, ஒரு கரண்டி துவரம்பருப்பு, இரண்டு சின்ன வெங்காயம், அரைத் தக்காளி, ஒரு பல் பூண்டு, சிட்டிகை மஞ்சளும் சீரகமும், ஒரு கைப்பிடி உருவிய முருங்கைத்தழை, அரிசி பருப்பின் அளவுக்கு நான்கு பங்கு தண்ணீர். நம் சாதம் வேகும்போதே இதுவும் வெந்துவிடும். மத்தால் ஒரு கடை, மேலே அரைக் கரண்டி நெய். எண்ணுங்கள்: அரிசி ஒன்று, பருப்பு இரண்டு, கீரை மூன்று, தக்காளியும் வெங்காயமும் நான்கு, தாய்ப்பால் ஐந்து. ஒரே வேளையில் ஐந்தும் வந்துவிட்டது. மதியம் ஒரு வெந்த முட்டையை உதிர்த்துத் தயிர்ச் சோற்றில் பிசைந்தால் ஏழு. மஞ்சள், சீரகம், பூண்டு, கொஞ்சம் மிளகு இவையெல்லாம் குழந்தைக்கு ஆகும். உப்புதான் ஒரு வயது வரை தேவையில்லை, பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அது வீண் சுமை. சர்க்கரையும் 2 வயது வரை வேண்டாம். நாட்டுச்சர்க்கரை என்றாலும் அது சர்க்கரைதான். நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன கவுந்தப்பாடிப் பக்கத்து உறவினர்கள் கோபித்துக்கொண்டாலும் இதை நான் அழுத்தித்தான் சொல்வேன்.

தேன் ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது. உரைமருந்தைத் தேனில் குழைத்துத் தடவுவதும் இதில் அடங்கும். தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பசும்பாலைத் தயிராகவோ, சமையலிலோ 6 மாதத்துக்குப் பின் சேர்க்கலாம். தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பிறகு.

முட்டை, கடலைக்காய்: தள்ளிப்போட வேண்டாம்

நாமக்கல் முட்டை நாடெங்கும் போகிறது, நம் வீட்டுக் குழந்தைக்கு மட்டும் "ஒரு வருசம் கழிச்சுப் பாத்துக்கலாம், சூடு" என்று தள்ளிப்போடுகிறோம். முன்பு மருத்துவர்களே முட்டையையும் கடலையையும் தள்ளிப்போடச் சொன்னார்கள், அது உண்மை. அந்த எண்ணம் இப்போது மாறிவிட்டது. லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வில், 11 மாதத்துக்குள்ளேயே கடலைக்காய் உணவைச் சாப்பிடத் தொடங்கிய பிள்ளைகளுக்கு, 5 வயது வரை தவிர்த்த பிள்ளைகளைவிடக் கடலை ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்தக் குழந்தைகள் எல்லோரும் ஒவ்வாமை வரும் அபாயம் அதிகம் உள்ளவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே 6 மாதத்துக்குப் பின் மற்ற உணவு பழகியதும், நன்றாக வெந்த முட்டையில் கால் கரண்டி. இன்னொரு நாள், வேகவைத்த கடலைக்காயை விழுதாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கால் கரண்டி. காலை நேரத்தில் கொடுங்கள், பகல் முழுக்கக் கவனிக்க வசதி. ஒரு புதுப் பொருளுக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி இருக்கட்டும். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இளைத்தால் நேராக மருத்துவமனை. கடுமையான தோல் கரப்பான் ஏற்கெனவே உள்ள குழந்தைக்கு முதல் தடவையே மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பூஞ்சை பிடித்த கடலை எவருக்குமே ஆகாது.

வாழைப்பழம் சளி, பப்பாளி சூடு, தயிர் குளிர்ச்சி என்ற பேச்சுக்கு ஒரு சொல். சளியைக் கொண்டுவருவது வைரஸ். சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஆறு, எட்டு தடவை வருவது சாதாரணம். முந்தின நாள் எதைக் கொடுத்தோமோ அதன் தலையில் பழி விழுகிறது. அப்படி ஒவ்வொரு சளிக்கும் ஒவ்வொரு பழம் கழிந்துபோனால் கடைசியில் வட்டலில் வெறும் சோறுதான் மிஞ்சும். அப்பத்தாவோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. சளி இறங்கியதும் அதே பழத்தை மறுபடி ஆரம்பித்தால் போதும்.

துப்பினால்?

துப்பும். புதுச் சுவையைப் பார்த்து முகம் சுளிப்பது குழந்தையின் இயல்பு. ஒரு காயை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்து தடவைகூட ஆகலாம். மூன்றாம் தடவையிலேயே "இவளுக்குக் கீரை புடிக்காதுங்க" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு அவளுடையதில்லை. ஒரு வாரம் விட்டு, வேறு பக்குவத்தில் கால் கரண்டி வையுங்கள். நீங்களும் எதிரில் உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் நடந்து 2001இல் வெளியான ஒரு ஆய்வில், கர்ப்பத்திலோ பால் கொடுக்கும்போதோ கேரட் சாறு குடித்த அம்மாக்களின் குழந்தைகள், பின்னால் கேரட் சேர்த்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். அம்மா சாப்பிடும் கொள்ளு ரசமும் பூண்டும் கீரையும் பால் வழியாகக் குழந்தைக்கு முன்பே அறிமுகம் ஆகின்றன. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று ஆறு மாதம் பூண்டுக் குழம்பையே கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தலையைத் திருப்பினால், வாயை இறுக்கினால், கரண்டியைத் தள்ளினால் "போதும்" என்று அர்த்தம். அதோடு நிறுத்துங்கள். மூக்கைப் பிடித்துத் திணிப்பது, செல்போனைக் காட்டி வாய் திறக்கும் நேரம் பார்த்து நுழைப்பது இரண்டுமே பசியையும் நிறைவையும் அறியும் பழக்கத்தைக் கெடுக்கும். அரைமணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். ஒன்றரை வயதில் நேற்று வரை தின்றதையே வேண்டாம் என்று தள்ளும் பருவம் ஒன்று வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதுதான். வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் குறையும். அப்போது தின்கிற இரண்டு மூன்று பதார்த்தத்துக்குள் சுருங்கிவிடாமல், பிடித்ததோடு ஓரத்தில் பிடிக்காததையும் துளி வைத்துக்கொண்டே இருங்கள்.

எடை ஏறுகிறதா என்பதைத் தாய் சேய் அட்டையிலுள்ள வளர்ச்சிக் கோட்டில் மாதாமாதம் பாருங்கள், அங்கன்வாடியிலேயே எடை போடுவார்கள். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறவில்லை, 10 மாதம் ஆகியும் திப்பி எதையும் விழுங்கவில்லை, உள்ளங்கையும் கண்ணிமைக்குள்ளும் வெளுத்திருக்கின்றன, மண்ணையோ சாம்பலையோ தின்கிறது என்றால் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடமோ குழந்தை மருத்துவரிடமோ அந்த வாரமே காட்டிவிடுங்கள். இரும்புச் சொட்டு மருந்து தேவையா, எவ்வளவு என்பதை அவர்கள் எடை பார்த்துச் சொல்வார்கள்.